கேட்டதும் சொன்னதும்: மலையடிவாரத் தோட்டத்தில் வரப்புக்குத் தீ வைக்கலாமா?

சிறுசேரியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும். பிறந்த ஊர் தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரம். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். மூன்று ஏக்கர் தோட்டம். மா, இலவம், கீழ்வயலில் கொஞ்சம் தென்னை. தோட்டத்தின் மேல்வரப்பைத் தாண்டினால் காப்புக்காடு.

ஒவ்வொரு மாசியிலும் அவருடைய அப்பா தோட்டத்தைக் கூட்டி, சருகையும் காய்ந்த புல்லையும் மேல்வரப்பு ஓரமாகக் குவித்துத் தீ வைப்பார். இந்த வருடம் ஊருக்குப் போயிருந்தபோது வாசகி தடுத்துப் பார்த்திருக்கிறார். "நாப்பது வருசமா வச்சுக்கிட்டிருக்கேன் தாயி. எனக்குத் தெரியாத தீயா?" என்று அப்பா கேட்டுவிட்டார். பதில் சொல்லத் தெரியாமல் பேருந்து ஏறி வந்தவர், மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறார். அப்பா செய்வது சரியா? காட்டிலிருந்து தீ இறங்கினால் வயதான இருவரும் என்ன செய்ய வேண்டும்? கடைசியாக, சிறுசேரியில் அவர் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு காலி மனைகள் முழுக்கப் புல் காய்ந்து கிடக்கிறது, அதற்கு என்ன வழி?

முதல் கேள்விக்குப் பதில்: மேல்வரப்பில் தீ வைக்கக் கூடாது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் கூடவே கூடாது. அப்பாவுக்குத் தீயைத் தெரியாது என்பதல்ல காரணம். அவருக்குத் தெரிந்த தீ வேறு, இன்று அந்த மலையில் எரியும் தீ வேறு.

போடிக்காரர்களுக்குக் குரங்கணியைப் பற்றி வெளியூர்க்காரர் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நாளை நேரக் கணக்கோடு ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மாசி மாதத்தின் கடைசி நாட்கள். சென்னையிலிருந்து வந்த மலையேற்றக் குழு ஒன்று முதல் நாளே குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறி, இரவு மேலே தங்கி, ஞாயிறன்று இறங்கிக்கொண்டிருந்தது. குழுவில் பெண்கள் அதிகம். பலர் வாசகியைப் போலவே சென்னையில் கணினி வேலை பார்த்தவர்கள். ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் அதே மலையில் இருந்தது. பிற்பகலில் கீழ்ச்சரிவில் எரிந்த தீ, ஆள் உயரப் புல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. இவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், தீ ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. புகையில் வழி தெரியாமல் சிதறி ஓடினார்கள். பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. முதலில் ஓடிப்போய் ஆட்களைத் தூக்கியவர்கள் சுற்றுவட்டார மலை ஊர் மக்கள். பிறகு வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர்கள் என்று எல்லாம் வந்தன. மலையிலேயே ஒன்பது பேர் இறந்தார்கள். மதுரையிலும் மற்ற ஊர்களிலும் மருத்துவமனைகளில் வாரக்கணக்கில் போராடி மற்றவர்களும் போக, மொத்தம் 23 உயிர்கள்.

அரசு விசாரணைக்கு அதுல்ய மிஸ்ராவை நியமித்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடைத் தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுகிறது. நகரத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு நடந்தது. அடிவாரத்தில் வருடம் முழுக்க வாழ்கிற விவசாயிக்குத் தீயைப் பற்றி யாரும் உட்கார வைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்கு அபராதம் பற்றிய பலகை மட்டும் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சரி, அந்தப் பிற்பகலில் அப்படி என்ன நடந்தது? தீயின் வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எரிபொருள், சரிவு, காற்று. போடி மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. மேலே மூணாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இந்தப் பக்கம் காற்றுதான் அடிக்கும். இங்கே புல் தழைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்தப் புல் தையில் மஞ்சளாகி, மாசியில் தாளாகிவிடுகிறது. மரக்கட்டை காய நாள் கணக்கு ஆகும். புல்லுக்கு மணிக்கணக்கு போதும்; காலையில் பனியில் நனைந்து கிடக்கும் புல், உச்சி வெயிலுக்குள் தீக்குச்சி பட்டால் பற்றும் நிலைக்கு வந்துவிடும். எலுமிச்சைப் புல் வகைகளில் எண்ணெய்ச் சத்து வேறு உண்டு.

அடுத்தது சரிவு. தீச்சுவாலை மேல்நோக்கியே நிற்கும். சமதளத்தில் அது வானத்தைப் பார்க்கும். சரிவில் மேலே இருக்கும் புல்லை நக்கும். தீ போய்ச் சேருமுன்பே மேல்புல் சூடாகிக் காய்ந்து தயாராக நிற்கிறது. ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: சரிவு பத்து டிகிரி கூடினால் ஏறும் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்கு, இருபது டிகிரி என்றால் நான்கு மடங்கு. குரங்கணி மலையின் சரிவை ஏறிப் பார்த்தவர்களுக்கு மேலே கணக்குப் போடத் தெரியும். சமதளத்தில், காற்று பலமாக இல்லாதபோது, மனிதன் புல்தீயை முந்தி ஓட வாய்ப்பு உண்டு. மேட்டில் ஏறும்போது மனிதனின் வேகம் பாதியாகிறது, தீயின் வேகம் பல மடங்காகிறது. மேலே ஓடித் தப்பிக்க முடியாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது காற்று. அப்பாவின் நாற்பது வருட அனுபவம் ஏமாறக்கூடிய இடம் இதுதான். ஆடிக் காற்று எந்தத் திசையில் வரும் என்று தேனி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாசி, பங்குனியில் அப்படிப் பெருங்காற்று கிடையாது. அதனால் 'காத்தே இல்லை' என்று நினைத்துக் காலை ஏழு மணிக்குத் தீ வைக்கிறார்கள். ஆனால் மலைக்கென்று தினசரிக் காற்று ஒன்று இருக்கிறது. இரவில் மலை குளிர்ந்து, குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று திசை மாறி மேலே ஏறத் தொடங்கும். பதினோரு மணிக்கு மெல்ல ஆரம்பிப்பது, ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை பலமாக இருக்கும். மேடு ஏறும் காற்றும் மேடு ஏறும் தீயும் ஒரே திசையில் சேரும் நேரம் அது.

காலையில் வைத்த குவியல் ஒன்பது மணிக்கு அணைந்தது போலத் தெரியும். அப்பா கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போவார். உள்ளே மாங்கட்டை, தென்னை மட்டையின் அடி, காய்ந்த சாணி இவை புகையாமல் கனன்றுகொண்டிருக்கும். மட்டையும் சாணியும் நாள் கணக்கில் நெருப்பைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு மணிக்கு மேல்காற்று வந்ததும் பொறி பறந்து வரப்பைத் தாண்டுகிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் விவசாயி வைத்த தீ காட்டுக்குள் போவது பெரும்பாலும் இப்படித்தான். இந்தியக் காடுகளில் தீ மின்னலால் பிடிப்பது அபூர்வம். கிட்டத்தட்ட எல்லாமே மனிதன் கையிலிருந்து போனவை.

'அப்படியென்றால் நாற்பது வருடமாக ஏன் ஒன்றும் நடக்கவில்லை?' என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. முன்பு மேல்வரப்புக்கு அந்தப் பக்கம் அவ்வளவு புல் நிற்காது. ஊர் மாடும் ஆடும் மேய்ந்துவிடும். விறகுக்குப் போகும் பெண்கள் சுள்ளியைப் பொறுக்கிவிடுவார்கள். தென்னங்கீற்றுக்குப் பதில் தகரம் போட ஆளில்லாத காலம், கூரைக்கென்றே புல்லை அறுத்து இறக்குவார்கள். இன்று மாடு குறைந்துவிட்டது, அடுப்பில் எரிவாயு வந்துவிட்டது, மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. யாரும் அறுக்காத புல்லும், காய்ந்தாலும் படபடவென எரியும் உண்ணிச்செடியும் வரப்பு வரைக்கும் வந்து நிற்கின்றன. அப்பா வைக்கும் தீ அதே அளவுதான். அது போய் விழும் இடம் மாறிவிட்டது.

இலவம் இருக்கும் தோட்டம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. மாசியிலிருந்து சித்திரை வரை காய் வெடிக்கும் காலம். பறக்கும் இலவம்பஞ்சு ஒரு பொறியைப் பிடித்தால் எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. பறித்த காயைக் களத்தில் கொட்டி வைத்திருந்தால், களத்திலிருந்து குப்பையெரிப்பு எவ்வளவு தூரம் தள்ளி இருந்தாலும் போதாது.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன் 21ஆவது பிரிவுப்படி காப்புக்காட்டுக்குத் தீ வைப்பது மட்டுமல்ல, காட்டுக்கு ஆபத்து வரும் விதமாகத் தீ மூட்டுவதும் குற்றம். 'என் பட்டா நிலத்தில்தான் வைத்தேன்' என்ற பதில் எடுபடாது. ஆனால் அப்பாவிடம் சட்டத்தைச் சொல்லிப் புரிய வைக்க முயல்வது அவ்வளவு பயன் தராது. கூட உட்கார்ந்து பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்வரப்பில் ஒரு கைப்பிடி சாம்பலைத் தூவிப் பார்க்கச் சொன்னால் போதும். சாம்பல் போகும் திசையை அவரே பார்ப்பார்.

வைக்காமல் விட்டால் வரப்பைச் சுத்தம் செய்வது எப்படி? புல்லை மார்கழிக் கடைசியிலோ தை முதல் வாரத்திலோ அறுத்துவிட வேண்டும். முழுக்கக் காயாத புல் தீவனம். காய்ந்தபின் அது வெறும் எரிபொருள். வீட்டில் மாடு இல்லை என்றால் ஆட்டுக்கிடை போடுகிறவர்களைக் கூப்பிட்டு நான்கு நாள் மேய விடலாம், உரமும் சேரும். சருகை வரப்பு ஓரம் குவிக்காமல் உள்பக்கம் இழுத்து, மா மரங்களுக்கு மூடாக்காகப் போடலாம். மூடாக்கும் காய்ந்தால் எரியும் என்பதால், மேல்வரப்பை ஒட்டிய இரண்டு வரிசை மரங்களுக்கு அது வேண்டாம். அந்த மரங்களின் அடி வெறும் மண்ணாகவே இருக்கட்டும். மிஞ்சியதைத் தோட்டத்தின் நடுவில் குழி வெட்டி, சாணிக் கரைசல் ஊற்றி மூடினால் அடுத்த ஆடிக்கு எருவாகிவிடும்.

மேல்வரப்பை ஒட்டித் தீத்தடுப்புப் பாதை ஒன்று தேவை. காட்டுக்குள் வனத்துறை கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது அல்லவா, அதே வேலைதான். தோட்டத்துக்குள், பட்டா நிலத்தில், புல்லின் உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலத்துக்காவது மண் தெரியக் கொத்திவிட வேண்டும். ஆள் உயரப் புல் என்றால் ஐந்து ஆறு மீட்டர். காற்று பலமாக அடித்தால் இந்த அகலத்தையும் பொறி தாண்டிவிடும், அதில் ஏமாறக் கூடாது. ஆனாலும் தரையோடு ஊர்ந்து வரும் தீ அங்கே நின்றுவிடும். பொறியை மட்டும் அணைக்க ஆள் போதும். புல்வெட்டும் இயந்திரம் பயன்படுத்துகிறவர்கள் அதைக் காலைப் பனி இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். தகடு கல்லில் பட்டால் பொறி வரும். உச்சி வெயிலில் அந்த ஒரு பொறி போதும்.

வேலியாகக் கிளுவை நட்டிருப்பவர்கள் அதுவே தடுப்பு என்று நம்பிவிடுகிறார்கள். கிளுவை கோடையில் இலையுதிர்த்துக் குச்சியாக நிற்கும். அதன் அடியில் சருகுதான் சேரும். கற்றாழை, ரயில் கற்றாழை போலத் தண்ணீர் பிடித்த செடிகள் அந்த ஓரத்துக்குப் பொருந்தும். அவற்றின் அடியில் காய்ந்த மடல் சேராமல் வருடம் ஒருமுறை அரிந்துவிட்டால் சரி. சொட்டுநீர்க் குழாய் மேல்வரப்பை ஒட்டிப் போயிருந்தால் அதை ஒரு வரிசை உள்ளே மாற்றிக்கொள்ளலாம். புல்தீ ஒரு நிமிடம் கடந்து போனாலே குழாய் உருகிவிடும், பிறகு அணைக்கத் தண்ணீரும் வராது. வைக்கோல் போர், சோளத்தட்டைப் படப்பு, கீற்றுக் கொட்டகை மூன்றும் மேல்வரப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

தோட்டத்தின் குறுக்கே மின்கம்பி போனால் அதையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். தொய்ந்த கம்பி காற்றில் ஒன்றோடொன்று உரசினாலோ, தென்னை ஓலையில் பட்டாலோ உருகிய துளி காய்ந்த புல்லில் விழும். குரங்கணி நடந்த அதே 2018இல், நவம்பர் 8 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலை ஊர் ஒரு பகலுக்குள் எரிந்து போனது. 85 பேர் இறந்தார்கள். மின்தடக் கோளாறில் விழுந்த பொறியும், மலையிலிருந்து இறங்கிய வறண்ட காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. அங்கே காற்று கீழ்நோக்கி வந்தது, இங்கே மேல்நோக்கிப் போகிறது. வறண்ட புல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பி தொய்ந்திருந்தால் கோடைக்கு முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது உத்தமம்.

இரண்டாவது கேள்வி, வாசகிக்கு உண்மையில் தூக்கம் கெடுக்கும் கேள்வி. மேலே காட்டில் எரியும் தீ தோட்டத்தை நோக்கி இறங்கினால்?

மேலிருந்து இறங்கும் தீ பொதுவாக மெதுவாகத்தான் வரும். வயதானவர்களுக்குச் சாதகமான ஒரே விஷயம் இது. அதற்காக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. எரியும் கட்டையும் மாங்காய் அளவு கங்கும் சரிவில் உருண்டு வந்து தோட்டத்துக்குக் கீழே புல்லைப் பிடித்தால், தீ இப்போது கீழிருந்து மேலே ஏறும். இருவரும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் புகை வாசனை வந்ததுமே செய்ய வேண்டியது, மாட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடுவது. ஓட்டிக்கொண்டு போக நேரம் இருந்தால் ஓட்டலாம். இல்லை என்றால் அவிழ்த்துவிட்டால் போதும், மாட்டுக்கு வழி தெரியும். கட்டுத்தறியில் எரிந்த மாடுகளைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

பிறகு ஊரை நோக்கி, கீழ்ப்பக்கமாகவோ பக்கவாட்டிலோ போக வேண்டும். மேலே ஏறவே கூடாது. ஓடைப் பள்ளம் குளுகுளுவென்று பாதுகாப்பாகத் தெரியும். காய்ந்த ஓடை, தீ நேரத்தில் அடுப்பின் புகைக்கூண்டு மாதிரி, சூடும் புகையும் அதற்குள்தான் இழுத்துக்கொண்டு ஏறும். போக வழி அடைபட்டால் புல் இல்லாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்: உழுத வயல், பாறை, தார்ச்சாலை, கிணற்றடிக் களம். ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம் இருந்தால், சூடு குறைந்ததும் அது நல்ல புகலிடம். ஒருமுறை எரிந்தது உடனே மறுபடி எரியாது. கடைசி நிலையில் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணோடு வைத்து, பருத்திப் போர்வையையோ துண்டையோ போர்த்திக்கொள்ள வேண்டும். தீயைவிட முதலில் உயிர் வாங்குவது சூடான காற்றும் புகையும். தரையோடு அது குறைவு. நைலான் சேலை, பாலியஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும். மாசி பிறந்தால் தோட்டத்துக்குப் பருத்தியே உடுத்திக்கொண்டு போகச் சொல்லலாம், அம்மாவுக்கு அது பழக்கம்தான்.

தீக்காயம் பட்டால் ஓடும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்ற வேண்டும். ஐஸ் கட்டி, மை, பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வளையல், மோதிரம், மெட்டியை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, 108க்குச் சொல்ல வேண்டும். தீயணைப்புக்கு 101, எதற்கும் 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த எண்களோடு அந்தப் பகுதி வனவர், வனக்காப்பாளர் எண்களையும் அப்பாவின் பட்டன் போனில் பெயர் போட்டு ஏற்றித் தர வேண்டிய வேலை வாசகியுடையது. எண் இருந்தால் மட்டும் போதாது, இருவருக்கும் ஒருமுறை அழைத்துப் பேசிப் பழக்கிவிட வேண்டும். வனத்துறை கோடைக்கு உள்ளூர் ஆட்களையே தீத்தடுப்புக் காவலர்களாக எடுக்கும். அவர்களில் யாராவது ஊரிலேயே இருக்கக்கூடும், அவர் எண் எல்லாவற்றையும்விட முக்கியம்.

சிறுசேரியில் இருந்துகொண்டே வாசகி செய்யக்கூடிய இன்னொன்று உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் தீ இடங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. வனத்துறைக்கு மட்டுமல்ல, பொதுமக்களும் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு குறை சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் நாளில் சில தடவைதான் தலைக்கு மேல் போகிறது. படத்தின் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம். சின்னத் தீ தெரியாது, தெரிந்த தீயின் செய்தி வருவதற்குள் மணிக்கணக்கு ஆகலாம். அலுவலகத்தில் இருக்கும்போது செய்தி வந்தால் அப்பாவுக்கு ஒரு போன் போட அது உதவும். மற்றபடி வாசலில் உட்கார்ந்து மேற்கே பார்க்கும் அம்மாவின் கண்ணை எந்த இயந்திரமும் முந்திவிடாது.

தீ வந்தால் அணைக்கப் போகலாமா என்று அப்பா கேட்பார், அதில் சந்தேகமே வேண்டாம். முழங்கால் உயரச் சுவாலை வரைக்கும் பச்சைக் கிளையாலும் மண்ணாலும் பக்கவாட்டிலிருந்து அடிக்கலாம். அதற்கு மேல் உயர்ந்தால் விலகிவிட வேண்டும். தீயின் தலைக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. எதிர்த்தீ வைத்து அணைக்கும் முறையைச் சிலர் பார்த்திருப்பார்கள். அது பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் காற்றைப் பார்த்துச் செய்வது, தனி ஆள் வேலை இல்லை.

மூன்றாவது கேள்வி, சிறுசேரி மனைகள். பக்கத்தில் மலை இல்லையே என்று நினைக்க வேண்டாம். காற்று இருக்கிறது. கடற்கரை அருகிலேயே இருக்கும் இந்தப் பகுதியில் பங்குனி, சித்திரையில் காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று, மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று. மேற்குக் காற்றில் ஒரு பக்கமாக எரிந்துகொண்டிருந்த புல்தீ, கடல்காற்று உள்ளே வந்த நிமிடத்தில் பக்கவாட்டில் திரும்பிவிடும். குப்பை எரிக்கிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. நாவலூர், சிறுசேரி, தாழம்பூர் வழியில் முன்பு நெல் விளைந்த வயல்கள் பல இன்று கல் நட்ட மனைகள். உழாத நிலத்தில் புல்லும் சீமைக்கருவேலமும் தவிர வேறென்ன வளரும்?

இதற்கு விவசாயிகளுக்கே புரியும் உதாரணம் ஹவாயில் இருக்கிறது. மாவி தீவில் நூறு வருடத்துக்கு மேல் கரும்பு விளைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, கடைசி ஆலையும் 2016இல் நின்றது. நிலம் தரிசானது. தரிசில் பரவியவை கால்நடைக்காக எப்போதோ கொண்டுவந்த புற்கள்: நம் தீவன விவசாயிகள் கோ ரகமாக வளர்க்கும் கினியாப் புல், நம் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல். அறுத்துப் போட்டால் அருமையான தீவனம். அறுக்க ஆளில்லாமல் போனபோது, 2023 ஆகஸ்ட் 8 அன்று அடித்த பெருங்காற்றில் அதே புல் லஹைனா ஊரையே எரிக்கக் காரணங்களில் ஒன்றானது. இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல்.

காலி மனைக்கு உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்று தேடுவதிலேயே கோடை போய்விடும். குடியிருப்புச் சங்கத்தின் பேரில் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, நகல் ஒன்றைத் தீயணைப்பு நிலையத்தில் சேர்ப்பது முதல் வேலை. அது நடக்கும் வரை தாழம்பூர் பக்கம் இன்னும் மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால், புல் பச்சையாக இருக்கும்போதே வந்து அறுத்துக்கொண்டு போவார்கள். காய்ந்ததைக் கேட்டால் வர மாட்டார்கள். இந்த வருடம் காய்ந்துவிட்டது என்பதால், வீட்டுச் சுவரை ஒட்டி மூன்று மீட்டராவது கூலிக்கு ஆள் வைத்து மண் தெரியச் செதுக்கிவிட வேண்டும். ஒருநாள் கூலி ஆகும். செதுக்கிய புல்லை அங்கேயே குவித்துத் தீ வைக்கலாமா என்று வருகிற ஆள் கண்டிப்பாகக் கேட்பார்.